ஒன்றரைப் பேர் படித்த ரிவ்யூ

உங்கள் வேலையைச் சரிபார்க்க ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், உங்களைக் கண்டால் வயிறு எரிகிறவராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இந்த அறையை விட்டுப் போகும்போது உங்களிடம் விட்டுவிட்டுப் போக என் கையில் இருக்கிற ஒரே உருப்படியான சங்கதி இதுதான். மற்றதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. அதை என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறார்கள். அதிலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

அனுபவம் சொல்கிறான் என்றதும் கிழவன் என்று நினைத்துவிட வேண்டாம். ஓய்வு பெறுகிற வயதுக்கு நான் இன்னும் பாதி தூரம்கூடப் போகவில்லை. விருதுநகரில் இந்த மருத்துவமனையின் மாடி அறையில், வெயில் நேரத்தில் தகரக் கூரை சடசடக்க, ஊரார் எழுதிய கட்டுரைகளைப் படித்தே சில வருடங்களைக் கழித்தவன். இப்போது வேறு ஊரில் வேலை கிடைத்துப் போகிறேன். இந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் நீங்கள். நாற்காலியின் இடது கை ஆடும். அதைச் சரிசெய்யச் சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன்.

சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்றால் என்ன என்று வெளியாட்களுக்கு விளக்குவது கஷ்டம். என் அம்மா சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். நான் சேர்ந்த புதிதில் கேட்டார்.

"நீ அங்கன என்னதாம்ல வேலை பாக்க?"

"ஒரு மருந்து நல்லதா இல்லையான்னு உலகம் பூரா டாக்டருங்க ஆளுக்கு ஒண்ணு எழுதியிருப்பாங்கம்மா. அம்புட்டையும் ஒண்ணு விடாமத் தேடி எடுக்கணும். எதை நம்பலாம், எதை நம்பக்கூடாதுன்னு பிரிக்கணும். நம்புறதை எல்லாம் சேத்து வச்சு, மொத்தத்துல என்ன சொல்லுதுன்னு பாக்கணும்."

"பஞ்சாயத்துன்னு சொல்லு."

"அப்படித்தான்னு வச்சுக்கோ."

"அதுக்குப் போயி எம்.எஸ்ஸி. படிச்சியாக்கும்."

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் மாலதி வந்து சேர்ந்தார். சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிற குடும்பம். என் வயதுதான். படித்ததும் நான் படித்த அதே படிப்பு. வந்த வாரத்திலேயே அறையில் ஒரு மாற்றம் தெரிந்தது. எங்கள் பிரிவைக் கவனித்துக்கொண்ட டாக்டரம்மா, அதுவரை என்னைப் பார்த்துக் கேட்ட கேள்விகளையெல்லாம் மாலதியைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். மாலதி ஸ்கூட்டியில் வருவார். நான் பஸ்ஸில் வருவேன். ஆங்கிலத்தில் போன் பேசும்போது நான் வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டுப் பேசுவேன். மாலதி சிரித்துக்கொண்டே பேசுவார். புது வருடத்துக்கு அவர்கள் அச்சகத்தில் டைரி அடித்து, ஆளுக்கு ஒன்று, அட்டையில் அவரவர் பெயரைத் தங்க எழுத்தில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். என் பெயரும் இருந்தது. அழகாகவே இருந்தது. அதனாலேயே அதில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க எனக்குக் கூச்சம் இல்லை. அது இல்லாத அலுவலகத்தை நான் பார்த்ததும் இல்லை.

தீக்காயக் கட்டு பற்றிய ரிவ்யூ அந்த வருடம் வந்தது. தீபாவளிக்கு முந்தைய சீசனில் எங்கள் வார்டு எப்படி இருக்கும் என்று நீங்கள் இனிமேல்தான் பார்ப்பீர்கள். ஆர்டர் நெருக்கும்போது பட்டாசுக் கம்பெனிகளில் கை வேகமாகும். கை வேகமானால் இங்கே கட்டில் நிறையும். கையும் முன்கையும் வெந்து வருகிறவர்கள்தான் அதிகம். காலங்காலமாக வெள்ளைக் களிம்பு பூசித் துணி சுற்றுவதுதான் எங்கள் வழக்கம். அந்த வருடம் புதிதாக ஒரு கட்டு வந்திருந்தது. தினமும் பிரிக்க வேண்டாம், சீக்கிரம் ஆறும் என்று மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி சாத்தூர் சேவுப் பொட்டலத்தோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். அது உண்மையென்றால் எங்கள் ஆட்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் மருத்துவமனையில் அது இலவசமாகக் கிடையாது. நோயாளியின் வீட்டார் எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு வரவேண்டும். கம்மலைக் கழற்றாமல் வாங்க முடியாத விலை.

"ரிவ்யூ என்ன சொல்லுதோ அதைச் செய்வோம்," என்றார் டாக்டரம்மா. "நல்லதுன்னு வந்தா சீசனுக்கு முந்தி வார்டுல மாத்திருவோம். இல்லைன்னா களிம்பே இருக்கட்டும்."

ஆக, எங்கள் மேஜையில் இருந்தது அந்த ஒரு கேள்விதான்: நம்ம ஊர்ப் பெண்கள் கம்மலைக் கழற்றுவது நியாயமா, இல்லையா.

ரிவ்யூவை மாலதிக்குக் கொடுத்தார். வெளியாகும்போது எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயர் மாலதிக்கு. முதல் பெயர் யாருக்கோ, அடுத்து வருகிற வெளிநாட்டுப் பயிற்சியும் அவருக்கே என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கொடுத்தது கட்டுரைகளைத் தேடி எடுக்கிற வேலை. பிரவுசிங் சென்டரிலும் மதுரை நூலகத்திலும் அலைந்து, நகலெடுத்துக் கொண்டுவந்து, அடுக்கி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியது.

உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் படிக்கவேண்டும். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், தனித்தனியாக. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் பேசித் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் மூன்றாவது ஆளிடம் போகவேண்டும். மாலதிக்கு இரண்டாவது ஆளாக வந்தவர் சரவணன் என்கிற ஹவுஸ் சர்ஜன். நல்ல பையன். மாலதி அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பான். பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மின்விசிறியைக் கூட்டி வைப்பான்.

அவர்கள் படித்து முடித்து, இரண்டு பேரின் அட்டவணைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த அன்று டாக்டரம்மா மகிழ்ந்துபோனார். ஒரு கட்டுரையில்கூட வேறுபாடு இல்லை. புதிய கட்டு நன்றாக வேலை செய்கிறது என்று கணக்கும் வந்துவிட்டது. மாலதியின் முகத்தில் வெளிச்சம். எனக்கு அந்த வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

பொறாமைக்காரனுக்கு மூக்கு கூர்மை. நேர்மையான இரண்டு பேர் ஒரே கட்டுரையைப் படித்தால் ஏதாவது ஓர் இடத்தில் சண்டை வந்தே தீரும். ஒருவர் மறந்திருப்பார், ஒருவர் கூடுதலாக ஊகித்திருப்பார். இங்கே சத்தமே இல்லை. சரவணனைக் கேன்டீனில் பிடித்தேன்.

"என்ன டாக்டர், எல்லாம் அப்படியே ஒத்துப்போச்சாமே."

"மாலதி மேடம் படிச்சதுல தப்பு இருக்குமாங்க?" என்றான், வடையை மென்றுகொண்டே.

"நீங்க படிச்சீகளா?"

"படிச்சேன். படிச்சிட்டு, ஒரு சந்தேகம்னா அவங்களையே கேட்டுக்கிட்டேன்."

இரண்டு பேர் படித்தோம் என்று எழுதப் போகிறார்கள். உண்மையில் படித்தது ஒன்றரைப் பேர்.

அன்றிலிருந்து அந்தக் கட்டுரைகளை நான் படிக்க ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. அறிவியலுக்காகப் படித்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. மாலதி எங்கே சறுக்கியிருக்கிறார் என்று பார்க்கத்தான் படித்தேன். அடிக்குறிப்பு, நன்றியுரை, விட்டுப்போன நோயாளிகளைப் பற்றிய பொடி எழுத்து, எதையும் விடவில்லை. முதலில் ஒன்றும் அகப்படவில்லை. மாலதியின் வேலை சுத்தமாக இருந்தது. அது இன்னும் எரிந்தது.

பிறகு அந்த இரண்டு கட்டுரைகள். ஒன்று அறுவை சிகிச்சை இதழில் வந்தது. முதல் பெயர் ஒருவருடையது. இன்னொன்று வேறொரு இதழில், வேறொருவர் முதல் பெயராக, வேறு ஊர் முகவரியோடு வந்தது. தலைப்பு வேறு, நோயாளிகளின் எண்ணிக்கை வேறு, ஆண்டு வேறு. முதலாவதில் ஒரு நோயாளியைக் கணக்கிலிருந்து நீக்கியதாக ஒரு வரி இருந்தது. பட்டாசு ஆலைத் தொழிலாளியான ஒரு பெண், ஆறிய உள்ளங்கையில் மறுபடியும் சூடுபட்டுக்கொண்டார். கோயில் விழாவில் நெருப்புச் சட்டி ஏந்தியதால். இரண்டாவதில், புதிய தோல் எவ்வளவு தாங்கும் என்று பேசுகிற இடத்தில், போகிற போக்கில் இன்னொரு வரி இருந்தது. தொழிற்சாலைத் தீவிபத்தில் காயப்பட்ட ஒரு பெண், குணமான கையில் தணல் நிரம்பிய மண் பாத்திரத்தை நேர்த்திக்கடனாகச் சுமந்தார்; மறுபடி கட்டுப் போட வேண்டியதாயிற்று.

வேறு எந்த ஊர்க்காரனும் இதைத் தாண்டிப் போயிருப்பான். எனக்குத் தாண்ட முடியவில்லை. கை சரியானால் இருக்கன்குடி அம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்திருப்பார். கை சரியாயிற்று. எடுத்துவிட்டார். எந்தக் கைக்காக நேர்ந்தாரோ அந்தக் கையிலேயே.

இரண்டும் ஒரே பெண் என்றால், இரண்டும் ஒரே வார்டு. முதல் கட்டுரையின் நோயாளிகள் இரண்டாவதிலும் இருக்கிறார்கள். நாங்கள் அவர்களை இரண்டு முறை எண்ணியிருக்கிறோம். புதிய கட்டுக்கு ஆதரவாக நின்றவற்றில் பெரிய இரண்டும் இவைதான்.

கட்டை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க மறுநாள் காலையில் வார்டுக் குழு கூடுகிறது. சாயங்காலம் டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினேன். மேஜையில் பிரதிநிதியின் சேவுப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

"மேடம், இந்த ரெண்டு கட்டுரையிலயும் இருக்கிறது ஒரே ஆளுகன்னு தோணுது."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இது சந்தேகமா தம்பி, ஆசையா?"

இரண்டும்தான். என் முகத்தை அந்த மாடியில் எல்லோரும் படித்திருந்தார்கள் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. நான் சரியாகவே கண்டுபிடித்திருந்தாலும், அதைச் சொல்வது நான் என்பதாலேயே அது பாதிப் பொய்யாகிவிட்டது. வாயைத் திறந்து அக்கினிச்சட்டி என்று ஆரம்பித்து வாதாடியிருந்தால் மீதியும் பொய்யாகியிருக்கும்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். உங்கள் பேச்சை நம்ப மாட்டார்கள் என்று தெரிந்தால் பேச்சைக் கூட்டாதீர்கள். குறையுங்கள்.

"எதுனால தோணுதுன்னு நான் சொல்லல மேடம். மாலதிகிட்டயும் நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்க மட்டும் சொல்லுங்க. அவங்களுக்கு ஒண்ணும் தட்டுப்படலைன்னா நான் பேசாமப் போயிருதேன்."

மாலதியைக் கூப்பிட்டார்கள். காரணம் சொல்லாமல் இரண்டு நகல்களையும் கொடுத்தார்கள். மாலதி என்னை ஒருமுறை பார்த்தார், உட்கார்ந்தார், படித்தார். நான் ஜன்னல் பக்கம் நின்றேன். அந்த நேரத்தில் என் மனசில் என்ன ஓடியது என்றால், மாலதிக்கு அது தட்டுப்படவே கூடாது என்று. வார்டு எக்கேடு கெட்டாலும் அதைப் பார்த்த ஒரே ஆள் நானாக இருக்க வேண்டும் என்று. வார்டின் கேள்வியை வைத்துக்கொண்டு இப்படியும் ஒரு மனசு ஓடும். ஓடட்டும். கையை மட்டும் கட்டிப்போட்டு வைத்திருந்தேன்.

மாலதி இரண்டாவது கட்டுரையில் நின்றார். முதலாவதைப் புரட்டினார்.

"அக்கினிச்சட்டி," என்றார்.

"அதுனால?" என்றார் டாக்டரம்மா. "இருக்கன்குடிக்கு அக்கினிச்சட்டி எடுக்காத பொம்பளை இந்தச் சுத்துப்பட்டுல யாரு இருக்கா? கையில காயம்பட்டவ நேந்துக்கத்தான் செய்வா. ரெண்டு பேரு எடுத்திருக்கலாம்ல."

அதை நான் யோசித்திருக்கவில்லை. என் கையில் இருந்தது அந்த ஒரே சாட்சி.

மாலதி தலையை நிமிர்த்தவில்லை. விரலை வரியின் மேல் ஓட்டிக்கொண்டே போனார். "எடுத்திருக்கலாம் மேடம். ரெண்டு பேரும் இடது கைப்பழக்கக்காரியா இருப்பாங்களா?"

முதலாவதில் அட்டவணைக்கு அடியில் இருந்தது. இரண்டாவதில் படத்துக்குக் கீழே இருந்தது. இரண்டையும் நான் படித்திருந்தேன். காயம்பட்டது இடது கை என்று வாசித்துவிட்டுப் போயிருந்தேன். பழக்கமே இடது கை என்பதை மாலதிதான் பார்த்தார். அதுவும், டாக்டரம்மா வரவழைத்த டீ ஆறுவதற்குள்.

என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ரிவ்யூவை இரண்டு பேர் படித்தது அன்றைக்குத்தான்.

கட்டுரை எழுதியவருக்குக் கடிதம் போட்டுக் காத்திருக்கலாம் என்றேன். மாலதி இரண்டாவது கட்டுரையிலிருந்த முகவரியைப் பிடித்து, விசாரித்து, அங்கேயே உட்கார்ந்து போன் போட்டுவிட்டார். சிரித்துக்கொண்டேதான் பேசினார். எதிர்முனையில் இருந்தவரும் மறைக்கவில்லை. ஊர் மாறியதும் தன் பழைய வார்டின் நோயாளிகளையும் சேர்த்து எழுதியதாகவும், அதைக் குறிப்பிட விட்டுப்போனதாகவும் சொன்னார். முதலாவதை எடுத்துவிட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டோம். புதிய கட்டு நல்லதாகவும் இருக்கலாம், வித்தியாசம் இல்லாமலும் இருக்கலாம் என்று வந்தது. மறுநாள் குழுவில் டாக்டரம்மா ஒரே வாக்கியம் பேசினார்: "கம்மலைக் கழத்தச் சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லை." அந்த சீசனில் வெள்ளைக் களிம்பே இருந்தது. சேவுப் பொட்டலத்தைச் சரவணன் பிரித்துத் தின்றான்.

கதை இங்கே முடிந்தால் நான் ஜெயித்த மாதிரி இருக்கும். முடியவில்லை. ரிவ்யூ வெளிவந்தது. முதல் பெயர் மாலதி. இரண்டாவது நான். பயிற்சிக்கும் மாலதிதான் போனார். தப்பைக் கண்டுபிடித்தது நான், பயணம் மாலதிக்கா என்று நான் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தபோது, கிளம்புவதற்கு முன்னால் எதிர்த்த டீக்கடைக்குக் கூப்பிட்டார்.

"அடுத்த ரிவ்யூவுக்கு ரெண்டாவது ஆளா நீங்கதான் இருக்கணும்."

"சரவணன் இருக்காரே."

"சரவணன் நான் எழுதினதையா படிச்சாரு? என் மூஞ்சியப் படிச்சாரு. நீங்க நான் எங்கன விழுவேன்னு பாத்துப் படிச்சீக. எனக்கு அதுதான் வேணும்."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்படியா தெரியுது?"

"டைரியக் கொடுத்த அன்னைக்கே தெரிஞ்சது. ஒரு வரியாவது எழுதுனீகளா அதுல?"

அதன்பிறகு மாலதியின் இரண்டு ரிவ்யூக்களுக்கு நான் இரண்டாவது ஆளாக இருந்தேன். நிம்மதியாக வயிறெரிந்து படித்தேன். அவற்றில் குறை சொல்ல வெளியாட்களுக்கு அதிகம் மிச்சம் வைக்கவில்லை.

என் தலையெழுத்து என்னவென்றால், எனக்கு அப்படி ஓர் ஆள் இல்லை. பட்டாசால் கண்ணில் படும் காயங்களைப் பற்றி நானே முதல் பெயராக ஒரு ரிவ்யூ தொடங்கினேன். பயிற்சி முடிந்து சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்த மாலதிக்கு அனுப்பினேன். 'ரொம்ப நன்றாக இருக்கிறது' என்று பதில் வந்தது. திருத்தி மறுபடி அனுப்பினேன். 'அருமை' என்று வந்தது. அவமானமாக இருந்தது. என்னைப் பார்த்துப் பொறாமைப்பட இந்த உலகத்தில் ஒரு ஜீவன் இல்லை என்பது போல இருந்தது. மாலதி எனக்குச் சரவணனாகிவிட்டார்.

பிறகுதான் இந்தப் புதிய வேலை வந்தது. ஒரு பிரிவையே பொறுப்பெடுத்து நடத்துகிற வேலை. மாலதியும் விண்ணப்பித்திருந்தார் என்று பின்னால் தெரிந்தது. கிடைத்தது எனக்கு.

அந்த வாரம் என் ரிவ்யூவின் கடைசி வடிவத்தை வழக்கம்போல அனுப்பினேன். லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் பதிலை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படித்தேன். முதல் வரியே 'தலைப்பு தப்பு' என்று இருந்தது. அதற்கப்புறம் ஒரு பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. தேடிய விதம் தப்பு, தேர்ந்தெடுத்த விதம் சந்தேகம், இந்த வாக்கியத்துக்கு அர்த்தமே இல்லை. நடுவில் ஓர் இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு கட்டுரையில் காயம்பட்ட கண்களின் எண்ணிக்கையைக் கொடுத்திருந்தார்கள். நான் அதை ஆட்களின் எண்ணிக்கை என்று எடுத்திருந்தேன். இரண்டு கண்ணிலும் அடிபட்ட ஒவ்வொருவரையும் இரண்டு ஆளாக எண்ணியிருந்தேன். மாலதி அதன் கீழே கோடு போட்டு, 'இதை நீங்களா செய்தீர்கள்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மா வேலை முடிந்து வந்து, கையில் படிந்திருந்த பட்டாசு மருந்துக் கறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னலே, பேப்பரைப் பாத்துத் தனியாச் சிரிக்க?"

"அந்தச் சிவகாசிப் புள்ள நான் எழுதினதைக் கிழிகிழின்னு கிழிச்சு அனுப்பியிருக்கும்மா."

"திட்டுனதுக்கு எவனாவது சிரிப்பானா?"

"அவளுக்கு என்னயப் பாத்து வயிறு எரியுதும்மா. இப்பத்தான் எரிய ஆரம்பிச்சிருக்கு."

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அந்தத் தாள்களை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப நல்லாத்தான் பாத்திருப்பா. சிரிச்சது போதும், போயித் திருத்து."